டகுமா சாட்டோ: எஃப்1-இல் ஒரே ஒரு மேடை, இண்டியில் இரண்டு கோப்பை, எப்படி?

கேள்வி இது: ஃபார்முலா 1-இல் (எஃப்1) 90 ரேஸ் ஓட்டி ஒரே ஒரு தடவை மேடை (முதல் மூன்று இடம்) ஏறியவர், "மோதிக்கொள்கிறவர்" என்று பெயர் வாங்கியவர் டகுமா சாட்டோ. அவரே அமெரிக்காவின் 500 மைல் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-ஐ (இண்டி 500) 2017-இலும் 2020-இலும் ஜெயித்தது எப்படி? அதிர்ஷ்டமா, அமெரிக்காவில் போட்டி லேசா, இல்லை ஆளே மாறிவிட்டாரா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆள் பெரிதாக மாறவில்லை. இடைவெளி தெரிந்தால் மூக்கை நுழைக்கும் பழக்கம் 2002-இலும் இருந்தது, 2020-இலும் இருந்தது. எந்தச் சுற்றில் நுழைவது, நுழைந்த பிறகு மீதிச் சுற்றுகளை எப்படிக் காப்பாற்றுவது என்ற கணக்கைத்தான் அவர் பின்னால் கற்றார். அந்தக் கணக்குக்கு இடம் கொடுக்கும் காரும் பந்தயமும் அவருக்கு 33 வயதுக்கு மேல்தான் கிடைத்தன. "அமெரிக்காவில் லேசு" என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்பது கீழே வரும்.

சாட்டோ 1977 ஜனவரியில் டோக்கியோவில் பிறந்தவர். 1987-இல், பத்து வயதில், சுசூகாவில் நடந்த ஜப்பான் கிராண்ட் ப்ரீயை நேரில் பார்த்தார். ஆனால் அடுத்த ஒன்பது வருடம் அவர் மிதித்தது சைக்கிள். பள்ளியிலும் வசேதா பல்கலைக்கழகத்திலும் சைக்கிள் பந்தயத்தில் நல்ல பெயர் எடுத்தார். கார்ட் எனும் குட்டிப் பந்தய வண்டியில் ஏறும்போது வயது 19. மற்ற எஃப்1 ஓட்டுநர்கள் ஆறு, ஏழு, எட்டு வயதில் கார்ட்டில் ஏறிவிடுவார்கள். இந்த வித்தியாசத்தை யாரும் சரியாக எடைபோடுவதில்லை. பத்து வயதுப் பையன் கார்ட்டில் உள்பக்கம் பாய்ந்து தப்பு செய்தால் நஷ்டம் ஒரு பம்பர். ஐந்தாறு வருடத்தில் ஆயிரம் தப்பு செய்து, எதிராளி எப்போது கதவை அடைப்பான், எப்போது விடுவான் என்பது கைக்குப் பழகிவிடும். சாட்டோ அந்தத் தப்புகளைச் செய்த இடம் எஃப்1, அதுவும் தொலைக்காட்சி நேரலையில்.

ஹோண்டாவின் ஆதரவில் சுசூகாவில் நடந்த பந்தய ஓட்டுநர் பள்ளிக்கு வயது வரம்பு 20. அவருக்கு அதுதான் கடைசி வருடம். ஏழு இடத்துக்கு எழுபது பேர். தேர்வு விண்ணப்பத்தில் உள்ள பந்தய அனுபவத்தை வைத்து என்றார்கள். அனுபவமே இல்லாத சாட்டோ எழுந்து, நேர்முகத் தேர்வு வையுங்கள் என்று கேட்டார். வைத்தார்கள், உள்ளே போனார். 1997-இல் அந்தப் பள்ளியின் உதவித்தொகையையும் வென்றார். ஜப்பானிலேயே ஹோண்டா போட்டுக் கொடுத்த பாதையில் போயிருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு 1998-இல் இங்கிலாந்துக்குப் போனார்.

அங்கே சிறிய ஃபார்முலாக்களில் ஓட்டி, 2000-இல் கார்லின் அணிக்காக பிரிட்டிஷ் எஃப்3-க்கு (எஃப்1-க்குக் கீழே உள்ள படி) வந்தார். அதற்கு முன் அதே கார்லின் காரில் ஓட்டியவர் கோவையின் நரேன் கார்த்திகேயன். 1999-இல் பிராண்ட்ஸ் ஹேட்ச்சில் அவர் வென்றது அந்தக் காரில்தான். 2001-இல் சாட்டோ 26 ரேஸில் 12 வென்று சாம்பியன் ஆனார். ஜப்பானியர் ஒருவர் பிரிட்டிஷ் எஃப்3 பட்டம் வென்றது அதுவே முதல் முறை. அதே வருடம் சாண்ட்வோர்ட் மாஸ்டர்ஸ், மக்காவ் கிராண்ட் ப்ரீ இரண்டும் அவருக்குத்தான். பட்டியலில் இரண்டாவதாக வந்தவர் அணித் தோழர் ஆண்டனி டேவிட்சன். கார்ட்டில் ஏறி ஐந்து வருடத்தில் இந்த நிலைக்கு வந்திருக்கிறார். வேகம் இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை.

எஃப்1-இல் முதல் வருடம் 2002, ஜோர்டான்-ஹோண்டா, பக்கத்தில் ஃபிசிகெல்லா. ஆஸ்திரியாவில் நிக் ஹைட்ஃபெல்டின் சௌபர் பிரேக் போடும் இடத்தில் கட்டுப்பாடு இழந்து, பின்பக்கமாகவே வந்து சாட்டோவின் காரின் விலாவில் அடித்தது. காக்பிட்டின் பக்கச் சுவர் உடைந்து காலில் அடிபட்டது. அது அவர் தப்பே இல்லை. அடுத்த ரேஸ் மொனாக்கோ. அங்கே ஃபிசிகெல்லாவுக்கு வழிவிட ஒதுங்கியவர், சுரங்கத்துக்குள் சுவரில் மோதினார். அது அவர் தப்பு. எல்லாரும் ஓட்டும் கோட்டை விட்டு விலகினால் தரையில் டயர் துணுக்குகள் கிடக்கும். டயரில் அது ஒட்டியதும் பிடிப்பு போய்விடும். பழைய ஓட்டுநர் என்றால் நேர்ப்பாதை வரும்வரை காத்திருந்து வழிவிடுவார்.

அந்த வருடத்தின் கடைசி ரேஸ் சுசூகாவில். ஐந்தாவதாக வந்தார், 2 புள்ளி. அப்போது முதல் ஆறு பேருக்குத்தான் புள்ளி. இந்த இரண்டு புள்ளியின் விலை பலருக்குத் தெரியாது. ஜோர்டானின் மொத்தம் 9, ஜாகுவார் 8, பி.ஏ.ஆர். 7. அந்த 2 இல்லாவிட்டால் ஜோர்டான் ஜாகுவாருக்குக் கீழே போயிருக்கும். அணிகள் பட்டியலில் ஓர் இடம் இறங்கினாலே பணமாக நிறைய போகும். முதல் வருடத்து ஓட்டுநர் அணிக்கு ஆறாம் இடத்தைச் சம்பாதித்துக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

2003-இல் பி.ஏ.ஆர். அணியின் சோதனை ஓட்டுநர். கடைசி ரேஸுக்கு ஜாக் வில்னவ் விலகியதால் சுசூகாவில் கார் கிடைத்தது, ஆறாவதாக வந்தார். 2004 முழு வருடம். எஃப்1-இல் அவருடைய சிறந்த வருடமும் அதுதான், அவருடைய குறைகள் எல்லாம் ஒரே இடத்தில் தெரிவதும் அந்த வருடத்தில்தான்.

நூர்புர்க்ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தகுதிச் சுற்றில் இரண்டாவது, ஷூமாக்கருக்குப் பக்கத்தில். ஜப்பானியர் யாரும் அதற்கு முன் எஃப்1 முன்வரிசையில் நின்றதில்லை. ரேஸில் பாரிக்கெல்லோவின் ஃபெராரியை முதல் வளைவில் உள்பக்கம் பாய்ந்து முந்தப் பார்த்தார். இரண்டும் உரசின, சாட்டோவின் முன்சிறகு உடைந்தது, பிட்டுக்கு (பாதையோரம் காரைச் சரிசெய்யும் இடம்) போனார், பிறகு எஞ்சினும் போனது. முந்துவதில் பிழை எங்கே? எஃப்1 காரில் கார்பன் பிரேக். 300 கி.மீ. வேகத்திலிருந்து நூறு மீட்டர் சுமாருக்குள் வேகம் கொட்டிவிடும். அதனால் பின்னால் வருகிறவர் கூடுதலாகத் தாமதித்து பிரேக் போட்டு எடுக்கக்கூடியது ஒரு கார் நீளம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. முன்னால் இருப்பவர் ஸ்டியரிங்கைத் திருப்பும் கணத்தில் உங்கள் முன்சக்கரம் அவர் காக்பிட்டுக்கு நேராக வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அவர் உங்களைப் பார்க்கவே மாட்டார், வழக்கமான கோட்டில் வளைவார், உங்கள் சிறகு அவர் பின்சக்கரத்தில் மாட்டும். சாட்டோ பெரும்பாலும் அரை கார் நீளம் பின்தங்கிய நிலையில் பாய்ந்தார். பாதி நேரம் எதிராளி பயந்து இடம் விட்டார், அதைப் பார்த்து ஆகா என்றோம். மீதி நேரம் விடவில்லை.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்த வருடம் மொனாக்கோ, நூர்புர்க்ரிங், கனடா, பிரான்ஸ் என்று ஹோண்டா எஞ்சின் வரிசையாக அவர் காரில் வெடித்தது. மொனாக்கோவில் வந்த வெள்ளைப் புகையில் ஒன்றும் தெரியாமல் ஃபிசிகெல்லா கூல்தார்டின் காரில் ஏறிக் கவிழ்ந்தார். அணித் தோழர் ஜென்சன் பட்டன் 85 புள்ளி, சாட்டோ 34, ஓட்டுநர் பட்டியலில் எட்டாவது. இந்த இடைவெளியில் பாதியாவது எஞ்சின் கணக்கில் எழுத வேண்டியது.

இனி முக்கியமான இடம், இண்டியானாபொலிஸ். 2004 ஜூன் 20. எஃப்1-க்காக அங்கே ஓவலின் (நீள்வட்டப் பாதையின்) ஒரு பகுதியையும் உள்ளே போட்ட வளைவுகளையும் சேர்த்து ஓட்டுவார்கள், அதுவும் ஓவல் ரேஸுக்கு எதிர்த் திசையில். எஃப்1-இன் 13-ஆவது வளைவு என்பது ஓவலின் முதல் வளைவையே தலைகீழாக ஓட்டுவது. இதை நினைவில் வையுங்கள். அன்று பிட் நேரம் சரியாக அமையாமல் சாட்டோ பின்னுக்குப் போனார். பிறகு ஒவ்வொருவராக முந்தி, கடைசியில் ட்ருல்லியின் ரெனோவையும் தாண்டி, இரண்டு ஃபெராரிகளுக்குப் பின் மூன்றாவதாக வந்தார். 1990-இல் சுசூகாவில் அகுரி சுசூகி ஏறிய பிறகு எஃப்1 மேடையில் ஒரு ஜப்பானியர் ஏறியது அன்றுதான். இனிமேல் வருகிற எல்லாமே இந்த இடத்தைச் சுற்றியே நடக்கிறது.

2005-ஐச் சீக்கிரம் கடந்துவிடலாம். இமோலாவில் எரிபொருளை வடித்து எடை போட்டபோது கார் 600 கிலோ வரம்புக்குக் கீழே இருந்தது என்று பி.ஏ.ஆர். அணியின் முடிவை ரத்து செய்து, இரண்டு ரேஸ் தடையும் விதித்தார்கள். சாட்டோவின் ஐந்தாம் இடமும் அதோடு போனது. இண்டியானாபொலிஸில் அதே 13-ஆவது வளைவில் மிஷலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் ஒரு சுற்று கூட ஓட்டாமல் பிட்டுக்குத் திரும்பின. சாட்டோவின் காரும் அதில் ஒன்று. மிச்சமிருந்த ஆறு பிரிட்ஜ்ஸ்டோன் கார்களில் நான்காவதாக வந்து நரேன் 5 புள்ளி எடுத்தார். சாட்டோவுக்கு அந்த வருடம் முழுவதும் கிடைத்தது ஒரே புள்ளி. ஹோண்டா அவர் இடத்தில் பாரிக்கெல்லோவைப் போட்டது.

சாட்டோவை நிறுத்தியதில் ஜப்பானில் கிளம்பிய எரிச்சல்தான் சூப்பர் அகுரி அணி பிறக்க முக்கியக் காரணம். அகுரி சுசூகி தொடங்கிய அணி. சில மாதத்தில் கார் தயாராக வேண்டியிருந்ததால், மூடிப்போன ஆரோஸ் அணியின் 2002 ஏ23 சட்டகத்தை வாங்கி, விதிக்கு ஏற்றபடி மாற்றி, 2006-இல் எஸ்ஏ05 என்று களத்தில் இறக்கினார்கள். நான்கு வயதான சட்டகம்! கடைசி வரிசையில் ஓடியது என்று கேலி செய்தவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2007-இல் ஸ்பெயினில் எட்டாவதாக வந்து அணியின் முதல் புள்ளியை எடுத்தார். பிறகு மாண்ட்ரியல். டயர் தேய்ந்து தடுமாறிய ஃபெர்னாண்டோ அலோன்சோவின் மெக்லாரனை, நடப்புச் சாம்பியனை, கடைசி ஷிகேனுக்கு (அடுத்தடுத்த இரட்டை வளைவு) முன் பிரேக் போடும் இடத்தில் சுத்தமாக முந்தி ஆறாவதாக வந்தார். பார்க்காதவர்கள் அந்த ஒரு சுற்றையாவது தேடிப் பாருங்கள். நூர்புர்க்ரிங்கில் செய்த அதே வேலைதான். ஆனால் இந்தத் தடவை திரும்பும் புள்ளிக்கு முன்பே அவர் கார் முழுதாகப் பக்கத்தில் வந்துவிட்டது.

2008 மே மாதம் பணமில்லாமல் அணி மூடியது. டோரோ ரோஸோவில் சோதனை ஓட்டம் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. எஃப்1 கணக்கு: 90 ரேஸ், 44 புள்ளி, ஒரு மேடை.

2010-இல் கே.வி. அணியில் இண்டிகாருக்கு, அதாவது இண்டி 500 அடங்கிய அமெரிக்கப் பந்தயத் தொடருக்கு, வந்தார். இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் சொல்லாவிட்டால் மீதி புரியாது.

இண்டியானாபொலிஸ் ஓவல் இரண்டரை மைல். நான்கு வளைவு, ஒவ்வொன்றும் கால் மைல், சாய்வு 9 டிகிரியும் கொஞ்சமும்தான். நீண்ட நேர்ப்பாதை இரண்டு, தலா ஐந்தெட்டு மைல். குட்டி நேர்ப்பாதை இரண்டு, தலா அரைக்கால் மைல். 200 சுற்று, 500 மைல். ஒரு சுற்றுக்கு 40 வினாடி சுமார். பின்வலது டயர் பின்இடது டயரைவிடச் சற்றுப் பெரிய சுற்றளவு கொண்டது. அதனால் கார் தானாகவே இடப்பக்கம் இழுக்கும். நேர்ப்பாதையில் ஓட்டுநர் ஸ்டியரிங்கை மெல்ல வலதுபக்கம் பிடித்துக்கொண்டே போக வேண்டும், வளைவில் விட்டால் போதும், அதுவே திரும்பும். ஓட்டுநர் கையில் இரண்டு சரிப்படுத்தும் கருவிகள். ஒன்று முன்பின் ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் தண்டு). இன்னொன்று வெயிட் ஜாக்கர்: பட்டனைத் தட்டினால் ஹைட்ராலிக் பிஸ்டன் ஒன்று வலது பின்பக்க ஸ்பிரிங் உட்காரும் இடத்தை ஏற்றும், இறக்கும். ஏற்றினால் வலது பின்சக்கரத்திலும் இடது முன்சக்கரத்திலும் பாரம் கூடும், வளைவில் கார் எளிதாகத் திரும்பும், அளவு தாண்டினால் பின்பக்கம் சறுக்கும். தொட்டி காலியாகக் காலியாக எடை மாறும், டயர் தேயும், வெயில் ஏறி இறங்கும். நல்ல ஓட்டுநர் ஒரு சுற்றில் நான்கு வளைவுக்கும் தனித்தனியாக இதைத் தட்டிக்கொண்டே இருப்பார். காரை அப்படியே விட்டு வேகத்தை மட்டும் நம்புகிறவர் முப்பது சுற்றில் சுவரைப் பார்ப்பார்.

முந்துவதும் வேறு கலை. பிரேக் இங்கே இல்லை. முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக் கொடுக்கும், பின்னால் வருகிறவர் அந்த இழுப்பில் நேர்ப்பாதையில் வேகம் ஏற்றி, முதல் அல்லது மூன்றாம் வளைவுக்குள் நுழையும்முன் பக்கத்தில் வர வேண்டும். ஆனால் வளைவுக்குள் அதே கலங்கிய காற்று முன்சிறகின் அழுத்தத்தைத் தின்றுவிடும், முன்சக்கரம் திரும்ப மறுத்து வெளிச்சுவர்ப் பக்கம் போகும், ஆக்சிலரேட்டரை விட்டே ஆக வேண்டும். விட்டால் அடுத்த நேர்ப்பாதைக்கான வேகம் போச்சு. ஆகவே முந்தப் போகிறவர் வளைவில் ஒன்று ஒன்றரை கார் நீளம் விட்டுப் பின்தொடர்ந்து, வெளிவரும்போது முழு வேகத்தில் வந்து இழுப்பைப் பிடிக்க வேண்டும். பொறுமை கேட்கிற வேலை. பிரேக்கைத் தாமதித்துப் பாய்ந்து பழகிய ஆளுக்கு இதைவிடக் கடினமான பாடம் கிடையாது.

2011-இல் அயோவா ஓவலில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார், இண்டிகாரில் ஜப்பானியர் ஒருவருக்கு அதுவே முதல். பிறகு 2012 மே, ரஹால் அணி, இண்டி 500. கடைசி சுற்று. முன்னால் டாரியோ ஃப்ராங்கிட்டி, இழுப்பில் சாட்டோ. முதல் வளைவுக்குள் உள்பக்கம் நுழைந்தார். ஃப்ராங்கிட்டி கொடுத்த இடம் ஒரு காருக்கு மட்டுமட்டு. சாட்டோவின் இடப்பக்கச் சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொட்டது. கோட்டுக்கு உள்ளே தரை கிட்டத்தட்டத் தட்டை, சாய்வு இல்லை. இடப்பக்கச் சக்கரத்தின் பிடிப்பு தளர்ந்ததும் பின்பக்கம் சுழன்று வெளிச்சுவரில் போய் விழுந்தார். ஃப்ராங்கிட்டி வென்றார். எஃப்1-இல் 13-ஆவது வளைவாகத் தலைகீழாக ஓட்டிய அதே வளைவு. இடம் விட்டாரா இல்லையா என்று இருவரும் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் என் தீர்ப்பு இது: சாட்டோ முழுதாகப் பக்கத்தில் வரவில்லை, ஃப்ராங்கிட்டியும் தாராளமாக இடம் தரவில்லை. ஆனால் பிழை வளைவில் இல்லை. கடைசி சுற்றுக்கு வந்து சேரும்போது கையில் ஒரே ஒரு வாய்ப்பு மட்டும் மிஞ்சும்படி ஓட்டியதில்தான் பிழை. "தாக்காவிட்டால் வாய்ப்பில்லை" என்பது அவர் எப்போதும் சொல்லும் வாசகம். அன்று அது உண்மைதான், வேறு வழியே இல்லை.

2013-இல் ஏ.ஜே. ஃபாய்ட் அணி, லாங் பீச் தெருச்சுற்று. 80 சுற்றில் 50 சுற்று முன்னால் இருந்து வென்றார். இண்டிகாரில் ஜப்பானியர் வென்ற முதல் ரேஸ். ஃபாய்ட் அணிக்கு 2002-க்குப் பிறகு முதல் வெற்றி. அறுவை சிகிச்சை காரணமாக அணி உரிமையாளர் ஃபாய்ட் அன்று களத்தில் இல்லை. "லேசு" என்கிறவர்களுக்கு இங்கே பதில். இண்டிகாரில் எல்லாருக்கும் ஒரே டல்லாரா சட்டகம், ஹோண்டா அல்லது செவர்லே எஞ்சின். 2006-இன் பழைய ஆரோஸ் போல ஆரம்பத்திலேயே சுற்றுக்கு இரண்டு மூன்று வினாடி கடன் இல்லை. அதனால் சிறு அணியும் ஒரு நல்ல நாளில் வெல்லலாம். அதே காரணத்தால் இருபது பேருக்கு மேல் வெல்லக்கூடிய தூரத்தில் இருப்பார்கள், ஒருவருக்கும் சும்மா கிடைக்காது. அலோன்சோவே 2017-இல் வந்து ஓட்டிப் பார்த்தார்.

அந்த 2017-க்கு வருவோம். ஆண்ட்ரெட்டி அணி, 26-ஆம் எண் கார், நான்காம் இடத்திலிருந்து தொடக்கம். அன்று ஹோண்டா எஞ்சின்கள் சிலருக்குக் கைவிட்டன. அணித் தோழர் ஹண்டர்-ரேவுக்கு ரேஸ் நடுவே போனது, அலோன்சோவுக்கு 179-ஆம் சுற்றில் போனது. சாட்டோவுக்குத் தாங்கியது. இங்கே அதிர்ஷ்டத்துக்கு ஒரு பங்கு கொடுக்கத்தான் வேண்டும். 2004-இல் வாங்கிய கடனை ஹோண்டா திருப்பிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 183-ஆம் சுற்றில் ஐந்து கார்கள் மோதின. மறுதொடக்கத்தில் மீதம் 11 சுற்று. முன்னால் மேக்ஸ் சில்டன், பிறகு ஹெலியோ காஸ்ட்ரோனெவெஸ். 195-ஆம் சுற்றில் சாட்டோ காஸ்ட்ரோனெவெஸை முதல் வளைவுக்குள் நுழையும்முன் முந்தினார்.

ஏன் 195? ரேஸின் சாரமே இதில் இருக்கிறது. ரொம்ப முன்னதாக முந்தினால் பின்னால் வருகிறவருக்கு இழுப்பைப் பிடிக்கப் பத்துப் பதினைந்து நேர்ப்பாதை கிடைக்கும். கடைசி சுற்று வரை காத்திருந்தால் 2012 மாதிரி ஒரே வாய்ப்பு. ஐந்து சுற்று என்பது, முந்துவது பிசகினாலும் இன்னொரு தடவை முயல இடம் இருக்கிற தூரம். முந்திவிட்டால் தன் கார் வளைவில் முழு வேகத்தில் போகிறது என்ற நம்பிக்கையில் காக்கக்கூடிய தூரம். அதுவரை மூன்று முறை இண்டி 500 வென்றிருந்த காஸ்ட்ரோனெவெஸ் பக்கத்தில் வந்து பார்த்தார், முடியவில்லை. வித்தியாசம் 0.2011 வினாடி. இண்டி 500-ஐ வென்ற முதல் ஜப்பானியர், ஆசியாவில் பிறந்தவர்களிலும் முதல்வர். வயது 40. அந்த வருடக் கடைசியில் இண்டி 500-இன் போர்க்-வார்னர் கோப்பை ஜப்பானுக்குப் போனது. அமெரிக்காவைத் தாண்டி அது போன முதல் பயணம்.

2018-இல் மறுபடி ரஹால் அணி. அந்த வருடம் போர்ட்லாண்டில் வெற்றி, 2019-இல் பார்பரில் ஒன்று. அதே வருடம் ஆகஸ்டில் போக்கோனோவில் முதல் சுற்று மோதலுக்கு எல்லாரும் அவரைத்தான் திட்டினார்கள், பழைய பெயர் அவ்வளவு சீக்கிரம் போகாது. கார் கேமரா காட்சியை வைத்து, அவர் கோட்டை மாற்றவில்லை என்று அணி விளக்கம் கொடுத்தது. அடுத்த வாரமே கேட்வே ஓவலில் எட் கார்பென்டரை 0.0399 வினாடியில் தோற்கடித்தார்.

2020-இல் தொற்றால் இண்டி 500 ஆகஸ்ட் 23-க்குத் தள்ளிப்போனது, பார்வையாளர் ஒருவரும் இல்லை. சாட்டோ மூன்றாம் இடத்திலிருந்து தொடங்கினார். அன்று வேகமான ஆள் ஸ்காட் டிக்சன். 111 சுற்று அவர்தான் முன்னால். சாட்டோ 27. ஆனால் அந்த 27-இல் பெரும்பகுதி கடைசியில் இருந்தது.

இங்கே கணக்கு எரிபொருளில். தொட்டி 18.5 அமெரிக்க கேலன், கிட்டத்தட்ட 70 லிட்டர், இ85 (எத்தனால் கலந்த) எரிபொருள். கடைசி பிட்டுக்குப் பிறகு சுமார் 32 சுற்று, அதாவது 80 மைல். வகுத்தால் கேலனுக்கு 4.3 மைலுக்கு மேல் எடுக்க வேண்டும். முழு சக்தியில் ஓட்டினால் அது வராது. ஸ்டியரிங்கில் உள்ள எரிபொருள் விசையை மெலிந்த கலவைக்கு (காற்றில் எரிபொருள் குறைவாகச் சேர்வது) திருப்ப வேண்டும், நேர்ப்பாதையின் முடிவில் கொஞ்சம் முன்னதாகவே காலை எடுக்க வேண்டும். இரண்டும் வேகத்தைக் குறைக்கும். சாட்டோ டிக்சனைவிட ஒரு சுற்று முன்னதாகவே பிட் எடுத்தவர், ஆகவே இருவரில் எரிபொருள் நெருக்கடி அவருக்குத்தான் அதிகம். அதனால் டிக்சனின் அணி, சாட்டோ முன்னால் போனாலும் கடைசியில் கலவையை மெலித்தே ஆக வேண்டும், அப்போது பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டது.

சாட்டோ செய்தது எதிர்பாராதது. பின்னாலேயே ஒட்டிக்கொண்டு எரிபொருள் சேமித்து கடைசியில் பாய்வார் என்று நினைத்தார்கள். அவர் கடைசிப் பகுதியின் தொடக்கத்திலேயே முந்திப்போய், முன்னால் இருந்துகொண்டு மெலிந்த கலவையில் சேமித்தார். டிக்சன் நெருங்கும்போது கலவையைக் கெட்டியாக்கி நேர்ப்பாதையில் எட்டாதபடி ஓடினார். பின்னால் இருந்தவர் கலங்கிய காற்றில் வளைவில் ஓர் அளவுக்கு மேல் நெருங்க முடியவில்லை. 2012-இல் அவர் கையில் ஒரு வாய்ப்பு இருந்தது, 2020-இல் எதிராளிக்குத்தான் அந்த ஒரு வாய்ப்பு மிஞ்சும்படி செய்தார். ஐந்து சுற்று மீதமிருக்கும்போது ஸ்பென்சர் பிகட் நான்காம் வளைவின் வெளிவாயிலில் கட்டுப்பாடு இழந்து பிட் சுவரின் மோதல் தாங்கியில் பலமாக அடித்தார். மஞ்சள் கொடி, இனி யாரும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியிருக்க வேண்டும் என்று டிக்சன் பக்கம் கோபம். மீதிச் சுற்று மிகக் குறைவு, அதுவே காட்டாததற்குச் சொன்ன காரணம். ரேஸ் மஞ்சளிலேயே முடிந்தது. எரிபொருள் போதுமாயிருந்திருக்குமா என்பது இன்றுவரை சண்டை. ரஹால் அணி போதும் என்றது, டிக்சன் தரப்பு போதாது என்றது. மஞ்சளால் சண்டைக்கு முடிவு இல்லாமல் போனது. ஆனால் 195-ஆம் சுற்றில் முன்னால் யார் இருந்தார் என்பதில் சந்தேகமே இல்லை.

இரண்டு முறை இண்டி, லாங் பீச், போர்ட்லாண்ட், பார்பர், கேட்வே: இண்டிகாரில் ஆக ஆறு வெற்றி. 2019 முதல் தான் படித்த சுசூகா ஓட்டுநர் பள்ளிக்கே தலைவர். 2023-இல் சிப் கனாஸி அணிக்காக ஓவல்களில் மட்டும் ஓட்டினார், பிறகு இண்டி 500-க்கு மட்டும் வருகிறார்.

2025-இல் 48 வயதில் ரஹால் அணிக்காக 75-ஆம் எண் காரில் தகுதிச் சுற்றில் இரண்டாவது. ரேஸில் 51 சுற்று முன்னால், அன்று வேறு யாரும் அவ்வளவு சுற்று முன்னால் இல்லை. வென்றிருக்க வேண்டியது. ஒரு பிட்டில் தன் இடத்தைத் தாண்டிப் போய் நின்றார். ஓவலில் ஒரு பிட்டுக்கும் அடுத்த பிட்டுக்கும் நடுவே பிரேக் இருபது நிமிடம் சுமார் சும்மா கிடக்கும், தட்டுகள் குளிர்ந்துபோகும், முதல் மிதியில் பிடிக்காது. அனுபவசாலிகள் பிட்டுக்கு வரும் சுற்றிலேயே இடக்காலால் மெல்ல மிதித்து வெப்பம் ஏற்றிக்கொள்வார்கள். முன்னணியில் இருக்கிறவர் பின்னால் வருகிறவரிடம் ஒரு பத்தில் ஒரு வினாடி கூட இழக்க விரும்பாமல் கடைசி மீட்டர் வரை தாமதிப்பார். சில அடி தாண்டினால் போதும், பின்னுக்குத் தள்ளித்தான் டயர் மாற்ற முடியும். அந்த நேரத்தில் முன்வரிசை முழுதும் கடந்து போய்விடும். பிரேக்கை ஒரு நொடி தாமதித்தது எந்த ஊரில், எந்த வளைவில் தொடங்கிய பழக்கம் என்று மேலே படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்பதாவதாக முடித்தார்.